வடசென்னையில் கோடைப் பயிற்சி: வாசலையும் அடுப்பையும் எண்ணப் பழகுவது எப்படி?

நகரத் திட்டமிடலில் இரண்டு மாதப் பயிற்சிக்கு இடம் தேடும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: வடசென்னையில் ஒரு வட்டத்தை, அதாவது மாநகராட்சி வார்டை, கேட்டு வாங்குங்கள். அண்ணா நகரில் தெருவைப் பார்த்தாலே வீடு தெரியும். பழைய வண்ணாரப்பேட்டையில் தெருவைப் பார்த்தால் ஜவுளிக் கடைதான் தெரியும். அதற்குப் பின்னால் எத்தனை குடும்பம் இருக்கிறது என்பது உள்ளே போகும் சந்துக்குத்தான் தெரியும். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் எந்த ஊரிலும் வேலை செய்துவிடலாம்.

நான் தண்டையார்பேட்டைக்காரி. நகரமைப்பு படித்துவிட்டு, வரைபடமும் கள ஆய்வும் செய்கிற ஒரு சிறிய அலுவலகத்தில் இருக்கிறேன். கோடையில் எங்களிடம் வரும் மாணவர்களைத் தெருவுக்கு அழைத்துப் போவது என் பொறுப்பு. 2011க்குப் பிறகு நாட்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2021ல் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய், இப்போது 2027 பிப்ரவரி 28 முடிந்து மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு நிலவரத்தைக் கணக்காக வைத்து நடக்கிறது. வீட்டுப் பட்டியல் எடுக்கும் முதல் கட்டத்துக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென 30 நாளை எடுத்துக்கொள்ளும். சென்னைப் பெருநகரின் மூன்றாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2046 வரைக்கும் பார்க்கிறது. பள்ளிக்கூடம் எங்கே, குடிநீர்க் குழாய் எவ்வளவு பெரிது என்று முடிவு செய்கிறவர்கள் இந்த எண்களைத்தான் கையில் வைத்திருப்பார்கள். சந்துக்குள் விட்டுப்போன ஒரு குடும்பம் அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் காகிதத்தில் இல்லாமலே போய்விடும்.

இடம் கேட்பது

மே மாதப் பயிற்சிக்கு பிப்ரவரியிலேயே கேட்க ஆரம்பியுங்கள். எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கும் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை, மாநகராட்சியின் மண்டல அலுவலகங்கள், நகர் ஊரமைப்பு இயக்ககம், தனியார் திட்டமிடல் அலுவலகங்கள் என்று எல்லா இடத்திலும் கேட்கலாம். மத்திய நகர்ப்புற அமைச்சகமும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யும் 2020ல் தொடங்கிய ‘துலிப்’ இணையதளத்திலும் நகராட்சி, மாநகராட்சிகள் பயிற்சி இடங்களை அறிவிப்பது உண்டு.

துறைத் தலைவரின் கடிதம் கட்டாயம் வேண்டும். அதோடு நீங்களே ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். “எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன்” என்று எழுதினால் அதைப் படிக்கிற அதிகாரிக்கு வேலை கூடுகிறது. “மண்டலம் 4ல் ஒரு வட்டத்தை எடுத்து, தெருப் பட்டியலையும் கட்டட நிலையையும் நேரில் சரிபார்த்து, வரைபடமாகத் தருகிறேன்” என்று எழுதினால் அவர் உடனே யாரையாவது கூப்பிட்டு உங்களை ஒப்படைக்க முடியும். உதவித்தொகை உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பல இடங்களில் கிடையாது.

எது உங்கள் வேலை, எது கிடையாது

நீங்கள் கணக்கெடுப்பாளர் இல்லை. அவரை அரசு நியமிக்கிறது. பெரும்பாலும் ஆசிரியர்களும் உள்ளாட்சி ஊழியர்களும்தான் அந்த வேலையைச் செய்கிறார்கள். 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, மக்கள் தரும் விவரத்தை வேறு யாரும் பார்க்க முடியாது, நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் காட்ட முடியாது. ஆகவே நிரப்பிய படிவம், பெயர்ப் பட்டியல், கணக்கெடுப்பாளரின் கைபேசி எதையும் நீங்கள் தொடக்கூடாது. யாராவது “சும்மா பாரும்மா” என்று நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் வேலை அதற்கு முந்தையது. ஒரு கணக்கெடுப்பாளருக்குச் சுமார் 700, 800 பேர் வாழும் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுப்பார்கள். அந்தப் பகுதியின் எல்லை எந்தத் தெருவில் தொடங்கி எங்கே முடிகிறது, எந்தச் சந்து வரைபடத்தில் இல்லை, எந்தக் கட்டடம் இடிந்தது, எது புதிதாக எழுந்தது என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தால், கொளுத்தும் வெயிலில் வரும் அந்த ஆசிரியை அலையாமல் வேலையை முடிப்பார்.

2011 எண்களைத் தொடும் முன்

அலுவலகத்தில் முதல் வாரம் பழைய புள்ளிவிவரத்தைத் தொகுக்கச் சொல்வார்கள். இங்கே பொறுமையாக இருங்கள். 2011 கணக்கெடுப்பு அந்த ஆண்டு மார்ச் முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது. மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது அக்டோபரில். அதாவது 2011 அட்டவணையில் இருக்கும் 46 லட்சத்துச் சொச்சம் பேர், பழைய 155 வட்டச் சென்னையின் கணக்கு. இப்போது இருப்பது 200 வட்டம், எல்லைகளும் வேறு. பழைய அட்டவணையில் 40ஆம் வட்டம் என்று இருப்பதை எடுத்து இன்றைய 40ஆம் வட்டத்தோடு ஒட்ட வைத்தால் அறிக்கை முழுக்கப் பொய்யாகிவிடும்.

திருவொற்றியூர், மணலி, மாதவரம், கத்திவாக்கம் எல்லாம் அப்போது தனி நகராட்சிகள், திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. சென்னை மாவட்டக் கணக்கெடுப்பு ஏட்டில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. திருவள்ளூர் ஏட்டைத் திறங்கள். மாவட்ட எல்லை மாநகராட்சி எல்லையோடு ஒன்றானது 2018ல்தான். நான் மாணவர்களிடம் சொல்லும் வழி: பழைய வட்ட வரைபடத்தையும் புதியதையும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, எந்தப் பழைய வட்டம் எத்தனை புது வட்டங்களில் சிதறியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மென்பொருள் இலவசம். இந்த ஒரு தாளை ஒழுங்காகச் செய்துகொடுத்தாலே அலுவலகத்தில் உங்களை மதிப்பார்கள்.

தெருவில்

மே மாதம் கத்திரி வெயில். காலை ஆறரைக்கு இறங்கி பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். வெளுத்த நிறத்தில் முழுக்கைச் சட்டை, தண்ணீர் பாட்டில், எழுதும் அட்டை, பென்சில், அடையாள அட்டை போதும். பகுதியின் வடமேற்கு மூலையில் தொடங்கி, தென்கிழக்கில் முடிவதுபோலக் கட்டடங்களுக்கு எண் போட்டுக்கொண்டே போவதுதான் கணக்கெடுப்பு வழக்கம். கையால் ஒரு படம் வரையுங்கள். கெட்டிக் கட்டடத்துக்குச் சதுரம், குடிசைக்கு முக்கோணம், குடியிருப்பு இல்லாததற்கு உள்ளே கோடு போட்டு நிரப்பல். கைபேசி வரைபடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதில் சந்துகள் பாதி இருக்காது.

கதவில் இருக்கும் எண்ணை நம்பி நடக்காதீர்கள். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. ஒரு வீட்டில் பழையது மட்டும் இருக்கும், பக்கத்து வீட்டில் புதியது மட்டும். இரண்டையும் எழுதி, உங்கள் கட்டட எண்ணைத் தனி வரிசையில் போடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கணக்கெடுப்பில் ‘வீடு’ என்றால் தனி வாசல் உள்ள பகுதி. அந்த வாசல் தெருவில் திறக்கலாம், பொது முற்றத்தில் திறக்கலாம், மாடிப்படியிலும் திறக்கலாம். ‘குடும்பம்’ என்றால் சேர்ந்து வாழ்ந்து ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் உள்ள ஒரு தெருவில் நுழையுங்கள். முன்னால் கடை. பக்கத்தில் ஓர் ஆள் போகும் அகலத்தில் நடை. உள்ளே முற்றத்தைச் சுற்றி ஐந்தாறு போர்ஷன். படியேறினால் இரண்டு. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை, அதில் ஒரு தையல்காரர் குடும்பம். சொத்துவரிப் புத்தகத்தில் இதெல்லாம் ஒரே கட்டடமாக இருக்கும்.

வெளியில் நின்றே பல விஷயம் தெரிந்துகொள்ளலாம். நடையில் இருக்கும் மின் மீட்டர்களை எண்ணுங்கள். ஆனால் வீட்டுக்காரர் ஒரே இணைப்பில் உள்மீட்டர் வைத்துப் பிரித்துக் கொடுப்பதும் நடக்கும். அதனால் மீட்டரை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் வரிசையில் இருக்கும் குடங்களும், சிலிண்டர்களும், கொடியில் காயும் துணியும் மீட்டரைவிட உண்மை பேசும். கடைசியில் யாராவது ஒரு அம்மாவிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். பெயர் கேட்காதீர்கள். “அம்மா, உள்ள எத்தினி வாசல் இருக்கு? சமையல் ஒண்ணாவா, தனித்தனியாவா?” இவ்வளவு போதும். ஒரே போர்ஷனில் தாயும் கல்யாணமான மகனும் தனித்தனியாகச் சமைத்தால் இரண்டு குடும்பம். மணலியில் ஓர் அறையில் எட்டு வடமாநிலத் தொழிலாளர்கள் சேர்ந்து பொங்கிச் சாப்பிட்டால், உறவே இல்லாவிட்டாலும் ஒரு குடும்பம். அவர்கள் இரண்டு ஷிப்டில் மாறி மாறித் தூங்குவார்கள், பகலில் பூட்டிய கதவும் இரவில் பூட்டிய கதவும் வேறு வேறாக இருக்கும். அதையும் குறித்து வையுங்கள்.

காசிமேட்டில் இன்னொன்று கவனிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். உங்கள் பயிற்சியின் பெரும்பகுதி அதற்குள் விழும். ஆண்கள் வலை பின்னிக்கொண்டு வீட்டில் இருப்பார்கள், நின்று பேசுவார்கள். இதை வைத்து “எந்த நேரமும் வீட்டில் ஆள் உண்டு” என்று எழுதிவிடாதீர்கள். ஆட்களை எண்ணும் இரண்டாம் கட்டம் 2027 பிப்ரவரியில். அப்போது பல நாள் கடலில் தங்கும் படகுகள் போயிருக்கும், பெண்கள் விடியும் முன்பே மீன் ஏலத்துக்குப் போயிருப்பார்கள். மதியத்துக்கு மேல் வந்தால்தான் ஆள் கிடைக்கும் என்பதை அந்தத் தெருவிலேயே கேட்டு, உங்கள் படத்தின் ஓரத்தில் எழுதுங்கள்.

கேள்விக்குப் பதில்

பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் ஓட்டேரி நல்லா என்ற ஓடைப் பக்கத்திலும் உங்களைப் பார்த்ததும் வரும் முதல் கேள்வி: “இன்னா, வூட்டக் காலி பண்ணச் சொல்ல வந்துகிறியா?” அந்தப் பயம் நியாயமானது. நீர்நிலை ஓரம் இருந்தவர்களைத் தெற்கே தொலைவில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வேலை ஒரு பக்கம், பிள்ளைகளின் பள்ளி ஒரு பக்கம் என்று அவர்கள் பட்ட பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் அளவு நாடாவை வெளியே எடுக்காதீர்கள், காலடியால் அளந்தால் போதும். கதவைப் படம் எடுக்காதீர்கள். “நான் காலேஜ் பொண்ணு, கணக்கு எடுக்க வர்ற டீச்சருக்குத் தெரு வரைபடம் போடுறேன்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். “பட்டா கிடைக்குமா?” என்று கேட்டால், “இதனால கிடைக்காதும்மா” என்று நேராகச் சொல்லிவிடுங்கள். நைசாக ஆசை காட்டிவிட்டு வந்தால், பின்னால் வருகிற கணக்கெடுப்பாளரைத்தான் அந்தத் தெரு கேட்கும்.

கணவன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று சில பாட்டிகள் சொல்வார்கள் என்பதையும் தெரிந்து வையுங்கள். வழக்கப்படி சொல்லக்கூடாத பெயரைச் சொல்லும்படி ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சட்டத்தின் 8ஆம் பிரிவே சொல்கிறது. உங்களுக்கு அந்தப் பெயர் தேவையே இல்லை. ஆனாலும் சட்டம் அவருக்கு அந்த மரியாதையைத் தந்திருக்கிறது என்று நான் மாணவர்களுக்குச் சொல்லாமல் விடுவதில்லை.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் (பழைய குடிசை மாற்று வாரியம்) குடியிருப்புகளில் பழைய பிளாக்குகளை இடித்துக் கட்டும்போது குடும்பங்கள் அக்கம்பக்கத்தில் வாடகைக்குப் போய்விடும். படத்தில் காலி மனை, பக்கத்துத் தெருவில் நெருக்கடி. இரண்டையும் சேர்த்துக் குறியுங்கள். நடைபாதையில் தூங்குகிறவர்களுக்கு 2011ல் பிப்ரவரி 28 இரவு தனியாகக் கணக்கு எடுத்தார்கள். ராயபுரம், பிராட்வே, மின்ட் பக்கம் அவர்கள் தங்கும் இடங்களை நீங்கள் குறித்தால், அதைப் பொறுப்பு அலுவலரிடம் மட்டும் கொடுங்கள். அந்தப் பட்டியல் வேறு கைக்குப் போனால் அவர்களை விரட்டத்தான் பயன்படும்.

திட்டமிடலுக்கு உதவும் ஒன்றையும் அதே நடையில் செய்யலாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது வீட்டுப் பட்டியலில் ஒரு கேள்வி. நகரத்தில் வளாகத்துக்கு வெளியே 100 மீட்டருக்குள் கிடைத்தால் ‘அருகில்’ என்பது 2011ல் வைத்திருந்த அளவு. தெருமுனை சின்டெக்ஸ் தொட்டி, அடிபம்பு, லாரி நிற்கும் இடம் மூன்றையும் படத்தில் போட்டு, கடைசிப் போர்ஷனிலிருந்து நடந்து பாருங்கள். 100 மீட்டர் என்பது மாடியிலிருந்து குடத்தோடு இறங்கி ஏறும் பெண்ணுக்கு எவ்வளவு தூரம் என்று புரியும். அதை அறிக்கையில் தனிப் பத்தியாக எழுதுங்கள்.

ஒப்படைப்பது

ஐம்பது பக்க அறிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள். கையால் வரைந்த படத்தின் தெளிவான பிரதி, அதை க்யூஜிஐஎஸ்ஸில் ஏற்றிய கோப்பு, அலுவலகப் பட்டியலுக்கும் தெருவுக்கும் எங்கெல்லாம் பொருந்தவில்லை என்ற இரண்டு பக்கம் போதும். அந்த இரண்டு பக்கத்தையும் தமிழில் எழுதுங்கள். களத்துக்குப் போகும் ஆசிரியைக்கும் வட்ட அலுவலக ஊழியருக்கும் அதுதான் உதவும். ஒவ்வொரு வரியிலும் கட்டட எண், பழைய எண், புதிய எண், பார்த்த தேதி இருக்கட்டும். ‘சுமார்’ என்றால் சுமார் என்றே எழுதுங்கள்.

சான்றிதழில் “பயிற்சி முடித்தார்” என்று மட்டும் இருந்தால் பின்னால் உதவாது. எந்த வட்டம், என்ன வேலை என்று ஒரு வரி சேர்த்துத் தரும்படி கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். கையெழுத்து வாங்கும் அன்றே, களத்தில் எடுத்த படங்களையும் யாராவது ஆர்வத்தில் கொடுத்த தொலைபேசி எண்களையும் உங்கள் கைபேசியிலிருந்து அழித்துவிட்டு, அழித்ததை உங்களை மேற்பார்த்தவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.