முதியோர் உதவித்தொகை மனு எந்த மேஜையில் கிடக்கிறது?

தாலுகா ஆபீஸுக்கு எதிரே இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் முதல் கேள்வியே "என் ஓஏபி என்னாச்சு, கொஞ்சம் பாரும்மா"தான். முதியோர் உதவித்தொகைக்கு இங்கே எல்லோரும் சொல்கிற பெயர் அது. மனு எந்தப் படியில் நிற்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு யாரிடம் போய் என்ன கேட்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

இது சமூகநலத் துறை பணம் என்று நினைத்து அங்கே போய் நிற்பவர்கள் நிறைய. முதியோர் உதவித்தொகை வருவாய்த் துறையின் கையில் இருக்கிறது. சென்னை எழிலகத்தில் வருவாய் நிர்வாக ஆணையர், மாவட்டத்தில் கலெக்டர், அவருக்குக் கீழே இதற்கென்றே ஒரு தனித்துணை ஆட்சியர், வட்டத்தில் தனி வட்டாட்சியர், அதாவது தனி தாசில்தார். கதவுப் பலகையில் 'சமூகப் பாதுகாப்புத் திட்டம்' என்று இருக்கிறதா பார்த்துவிட்டு உட்காருங்கள். பட்டா, சாதிச் சான்று பார்க்கிற தாசில்தார் வேறு ஆள். அவர் அறை வாசலில் பாதி நாள் காத்திருந்தாலும் பக்கத்து அறைக்குத்தான் கைகாட்டுவார்.

மனு பதிந்ததும் கிராம நிர்வாக அலுவலருக்கு (வி.ஏ.ஓ.) போகும். வயது 60 ஆகிவிட்டதா, ஆதரவு யாரும் இல்லையா, நிலம் உண்டா என்று விசாரித்து அறிக்கை தருவார். அடுத்து ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர், அதற்கு மேல் தனி தாசில்தாரின் ஆணை. ரேஷன் கார்டில் சம்பாதிக்கிற மகன் பெயர் இருந்தால் பெரும்பாலும் அங்கேயே இடிக்கும். ஆதாரில் வயது குறைவாக இருந்தால் அதைத் திருத்திய பிறகு வாருங்கள்; பார்த்தாலே தெரியாதா என்று நரைத்த தலையைக் காட்டிப் பயனில்லை, அவர்களுக்குத் தாள்தான் வேண்டும்.

"பணம் வரல" என்று மட்டும் சொன்னால் எந்த ஆபீஸிலும் "அடுத்த மாசம் பாருங்க" என்றுதான் பதில் வரும். ஆணையே வரவில்லையா, வந்துகொண்டிருந்தது நின்றதா, மனுவைத் தள்ளிவிட்டார்களா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

நின்றுபோனதென்றால் தாலுகா ஆபீஸ் படி ஏறுவதற்கு முன் பாஸ்புக்கை என்ட்ரி போடுங்கள். போன மாதம் ஒரு பாட்டி பேரனோடு வந்தார். அரசு நிறுத்திவிட்டது என்று ஒரே அழுகை. என்ட்ரி போட்டால் ஒரு மாதம்கூட விடாமல் பணம் ஏறியிருக்கிறது. வீட்டுக்கு மிஷினோடு வருகிற வங்கி ஆளிடம்தான் சிக்கல். நாற்று நட்டுத் தேய்ந்த கட்டைவிரலை மிஷின் ஏற்கவில்லை, அவரும் "வரல" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் சிலருக்கு ஆதார் வேறு கணக்கோடு இணைந்திருக்கும், பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். இதெல்லாம் வங்கியில் தீர வேண்டியது. பாஸ்புக்கிலும் பணம் இல்லை என்றால்தான் தனி தாசில்தாரிடம் போக வேண்டும். ஆணை நகலையும் பாஸ்புக் நகலையும் கொண்டுபோய், "எந்த மாதம் நிறுத்தினீர்கள், என்ன காரணம்?" என்று கேளுங்கள். தொகை குறைகிறதா என்றும் பாருங்கள்: 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயை 1,200 ஆக்கினார்கள்.

தள்ளிவிட்டார்கள் என்றால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மேல்முறையீடு கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.). காரணம் தெரியாமல் அதே மனுவைத் திரும்பத் திரும்பப் பதியச் சொல்லி வருபவர்களுக்கு நான் பதிந்து தருவதில்லை, காசு வீண்.

ஆணையே வரவில்லை என்று திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் பஸ் ஏறுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே கொடுக்கிற மனு கீழே இறங்கி, நீங்கள் தாண்டிப்போன அதே தனி தாசில்தார் மேஜைக்குத்தான் வரும். அதனால் போவதே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மேலிருந்து எண் போட்டு வந்த தாளுக்குப் பதில் எழுதியாக வேண்டும். ஆனால் குடும்பக் கதை முழுவதையும் நாலு பக்கத்துக்கு எழுதாதீர்கள். நான் எழுதித் தருவது இவ்வளவுதான்: "பொருள்: முதியோர் உதவித்தொகை மனு எண் இன்னது, இன்ன தேதி. ஆர்.ஐ. நிலையில் மூன்று மாதமாக நிலுவை. உரிய ஆணை பிறப்பிக்கக் கோருதல்." கீழே கைபேசி எண், இணைப்பாக ஒப்புகைச் சீட்டின் நகல். அசல் சீட்டை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

போக முடியாதவர்கள் 1100-க்குப் போன் செய்யலாம். அது முதல்வரின் முகவரித் துறையின் உதவி எண். சொன்னதைப் பதிந்துகொண்டு மனு எண் தருவார்கள்.

எதற்கும் பதிலே இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தாலுகா ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபால். "ஏன் தரவில்லை?" என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். "என் மனு மீது தேதிவாரியாக எடுத்த நடவடிக்கை விவரமும், வி.ஏ.ஓ. விசாரணை அறிக்கை நகலும் தருக" என்று கேளுங்கள். 30 நாள் கெடு.

இதற்கு நடுவில் மே, ஜூனில் ஜமாபந்தி வரும், அதாவது வருடத்துக்கு ஒருமுறை வருவாய்க் கணக்குகளைச் சரிபார்த்து மனு வாங்குகிற நாட்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் எல்லோரும் கணக்குப் புத்தகங்களோடு ஒரே இடத்தில் இருப்பார்கள். "ஃபைல் அவரிடம் இருக்கிறது" என்று யாரும் கைகாட்ட முடியாது. உங்கள் குறுவட்டத்துக்கு (ஆர்.ஐ.யின் எல்லைக்குள் வரும் கிராமங்கள்) எந்த நாள் என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டுக்கொள்ளுங்கள். மனு எழுத முந்தின நாளே வந்துவிடுங்கள். அன்றைக்குக் காலையில் என் கடையில் நிற்க இடம் இருக்காது.