பனிச்சறுக்கு மலைக்கு முதல்முறை போகிறீர்களா? பூட்ஸிலிருந்து ஆரம்பியுங்கள்

மலையைப் பார்த்ததும் உச்சிக்குப் போகும் லிஃப்ட் மேல்தான் கண் போகும். முதல் நாள் காலையில் அந்தப் பக்கமே போகாதீர்கள். பூட்ஸும் பிரேக்கும் பழகவே அரை நாள் வேண்டும்.

கிளம்பும்போது ஜீன்ஸ் வேண்டாம். பருத்தி நனைந்தால் லேசில் காயாது. கம்பளி உடையும், மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும் போடுங்கள். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். அதனால் சன்ஸ்கிரீனை மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழேயும் தடவுங்கள்.

அடுத்தது பூட்ஸ். வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். மெல்லிய, நீளமான சாக்ஸ் ஒன்றே ஒன்று போதும். குளிருமே என்று நான் இரண்டு போட்டேன். மடிப்பு அழுத்தி, மதியத்துக்குள் விரல்கள் மரத்துவிட்டன. காலை நுழைத்ததும் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் தள்ளுங்கள், அப்புறம் பக்கிளை மாட்டுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கம் லேசாக உரச வேண்டும். முழங்காலை மடக்கினால் அந்த உரசல் விலக வேண்டும். குதிகால் மேலே எழும்பினால் சின்ன அளவு கேளுங்கள். கடைக்காரர் உங்கள் எடை, உயரம், வயது, அனுபவம் எல்லாம் கேட்பார். உண்மையைச் சொல்லுங்கள். விழும்போது ஸ்கீ, அதாவது பூட்ஸில் மாட்டும் சறுக்குப் பலகை, கழன்றுகொள்ளும் இறுக்கத்தை அதை வைத்துத்தான் அமைக்கிறார்கள். கழலாவிட்டால் அடி முழங்காலுக்கு.

சரி, இப்போது பனியில் இறங்கலாம். பயிற்சியாளரோடு இறங்குவது நல்லது. ஸ்கீ முனைகளை நெருக்கி, குதிகால்களை வெளியே தள்ளுங்கள். கூரை முகடு போல ஒரு வடிவம் வரும். அகலப்படுத்த அகலப்படுத்த வேகம் குறையும். பயத்தில் உடம்பு பின்னால் சாயும். சாய்ந்தால் பிடி போய்விடும். கைகளை முன்னால் நீட்டி, கணுக்காலுக்கு மேலே உள்ள காலின் முன்பக்கத்தைப் பூட்ஸின் நாக்கில் அழுத்துங்கள். விழுந்தால் ஸ்கீக்களைச் சரிவுக்குக் குறுக்காக, உங்களுக்குக் கீழ்ப்பக்கம் வைத்துக்கொண்டு எழுந்திருங்கள்.

நினைத்த இடத்தில் நிற்க வந்தபிறகே லிஃப்ட். தடத்தின் பலகையைப் பாருங்கள்: வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளிய தடம், நீலச் சதுரம் நடுத்தரம். ஐரோப்பாவில் பல இடங்களில் நீலமே எளிய தடம், சிவப்பு நடுத்தரம். முன்னால், கீழே போகிறவருக்குத்தான் வழி. பின்னால் வரும் நீங்கள் அவர் கண்ணில் படமாட்டீர்கள். இளைப்பாற ஓரமாக நில்லுங்கள்.

கால் நடுங்க ஆரம்பித்தால் 'இன்னும் ஒரு தடவை' வேண்டாம். மேலே மாட்டிக்கொண்டால் லிஃப்ட் பணியாளரிடம் கேளுங்கள். பல இடங்களில் லிஃப்டிலேயே கீழே அனுப்பிவிடுவார்கள்.