மருந்துக்கு முன் தண்ணீர்: பெங்களூரு வீட்டு மீன் தொட்டிக்கான முதலுதவி

மீன் மூலையில் ஒதுங்கி நிற்கிறது. துடுப்புகளை உடலோடு ஒட்டி வைத்திருக்கிறது. அல்லது நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. இதைக் கண்டதும் பலர் செய்வது, சிவாஜிநகர்ப் பக்கம் மீன் கடைக்குப் போய் நீல மருந்து ஒன்றை வாங்கி வந்து தொட்டியில் ஊற்றுவதுதான். தயவுசெய்து அதைத் தள்ளிப்போடுங்கள். வீட்டுத் தொட்டியில் மீன் நோயுறுவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். கெட்ட தண்ணீரில் எந்த மருந்தும் நின்று வேலை செய்யாது.

தொட்டியின் அளவு

நீளம், அகலம், நீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60 × 30 × 30 என்றால் 54 லிட்டர். கற்களும் அலங்காரப் பொருள்களும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் 45 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதித் தொட்டியின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். உப்பானாலும் மருந்தானாலும் எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் தொடங்கும்.

தண்ணீரைச் சோதிப்பது

எடுத்த நீரில் சோதனைத் திரவத்தைச் சொட்டாக விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி மீன் கடைகளில் கிடைக்கும். காகிதப் பட்டையைவிட அது நம்பகமானது. அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) ஆகிய நான்கையும் பாருங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாகின்றன. ஃபில்டரிலும் கற்களிலும் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் உருவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய வாரத்திலேயே பத்து மீன்களை விட்டால் அவை மடிவது இதனால்தான்.

இந்தப் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் ஓயாமல் கிடைக்க வேண்டும். இரவில் சத்தம் என்றும் மின்கட்டணம் என்றும் ஃபில்டரை அணைத்துவிடும் பழக்கம் நம் வீடுகளில் மிகுதி. ஐந்து வாட் ஃபில்டர் மாதம் முழுக்க ஓடினாலும் நான்கு யூனிட்கூட ஆகாது. அணைக்காதீர்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய் நீரில் அலசுவதும் தவறு. அதிலுள்ள குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிந்து வையுங்கள். தொட்டியைக் காலிசெய்து கல்லையெல்லாம் தேய்த்துக் கழுவும் ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

தண்ணீர் மாற்றுவது

அமோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் அன்றே மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். அளவு சுழியத்துக்கு இறங்கும்வரை நாள்தோறும் மாற்றுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம். நன்கு வளர்ந்த மீன் அதைத் தாங்கும்.

பெங்களூரில் தனிக் கவனம் வேண்டிய இடம் இது. நம் வீட்டு நிலத்தடித் தொட்டியான சம்பில் இன்று காவேரி நீர், நாளை போர்வெல் நீர், கோடையில் டேங்கர் நீர் என்று மாறிமாறி வந்து கலக்கிறது. காவேரி நீரில் குளோரின் உண்டு. போர்வெல் நீர் பெரும்பாலும் கடினத்தன்மை மிகுந்தது. சம்பைக் கழுவிய மறுநாள் பிளீச்சிங் பவுடரின் மிச்சமும் வரலாம். எனவே குழாய் நீரை நேராகத் தொட்டியில் விடாதீர்கள். முந்தின நாளே வாளியில் பிடித்து, மூடாமல், ஏர் பம்பில் இணைத்த காற்றுக்கல் போட்டு 24 மணி நேரம் வையுங்கள். அவசரமென்றால் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தைப் புட்டியில் சொல்லியிருக்கும் அளவில் சேருங்கள். மாற்றும் முன் வாளி நீரின் பி.எச்.சையும் ஒருமுறை பாருங்கள். பி.எச். ஏற ஏற அமோனியாவின் நச்சு பல மடங்காகும்.

டிசம்பர், ஜனவரி காலைகளில் மாடித் தொட்டி நீர் சில்லென்று இருக்கும். அதை அப்படியே ஊற்றினால் மீனின் எதிர்ப்புச் சக்தி சரிந்து வெள்ளைப்புள்ளி நோய்க்கு வாசல் திறந்துவிடும். குளிர்காலத்தில் லிட்டருக்கு ஒரு வாட் கணக்கில் ஹீட்டர் பொருத்துவது நல்லது. கையை நீரில் விடும் முன் அதன் மின்சாரத்தைத் துண்டிக்க மறவாதீர்கள்.

நோயை அடையாளம் காண்பது

உப்புத் தூவியது போல உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகள், கல்லில் உடலை உரசிக்கொள்ளுதல்: இது வெள்ளைப்புள்ளி நோய். தொடங்குபவர்கள் அதிகம் சந்திப்பது இதைத்தான். பொறுமையாகச் செய்தால் குணமாகும். தோலுக்கடியில் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது முதிர்ந்து கீழே உதிர்ந்து, கற்களிடையே நூற்றுக்கணக்கில் பெருகி, மீனைத் தேடி நீந்திவரும் கட்டத்தில்தான் சாகும். புள்ளிகள் மறைந்த அன்றே சிகிச்சையை நிறுத்தினால் அடுத்த வாரம் நோய் திரும்புவது இதனால்தான்.

வெப்பத்தை ஒரு நாளுக்கு இரண்டு டிகிரிக்கு மேல் கூட்டாமல் 28 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவாருங்கள். சூட்டில் ஒட்டுண்ணியின் சுழற்சி விரைவாகும், மருந்துக்கு விரைவில் அகப்படும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, ஆகவே ஏர் பம்ப் கட்டாயம். பிறகு லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு. 45 லிட்டருக்கு 90 கிராம். அதை 30 கிராமாக மூன்று வேளை, 12 மணி நேர இடைவெளியில், தொட்டி நீரிலேயே கரைத்து ஊற்றுங்கள். கோரிடோரஸ், லோச், டெட்ரா போன்ற மீன்கள் உப்பைத் தாங்குவது குறைவு. அவற்றுக்குப் பாதி அளவு போதும். நீர்த் தாவரம் இருந்தால் மீனை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் அடிக்கல்லை உறிஞ்சுகுழாயால் சுத்தம் செய்யுங்கள். உப்பு ஆவியாகாது; 15 லிட்டர் மாற்றினால் அந்தப் பதினைந்துக்கு உரிய 30 கிராமை மட்டும் சேருங்கள். இரண்டு வாரம் விடாமல் தொடருங்கள்.

துடுப்பின் ஓரம் கிழிந்து வெளுத்தோ சிவந்தோ இருந்தால் துடுப்பழுகல். தொடக்கத்திலேயே கண்டால் நாள்தோறும் கொஞ்சம் நீர் மாற்றுவதிலேயே பெரும்பாலும் ஆறிவிடும். பஞ்சு ஒட்டியது போலிருந்தால் பூஞ்சை. தனிப் பாத்திரத்தில் மெத்திலீன் புளூ என்னும் நீல மருந்தைக் கொடுக்கலாம். ஆனால் வாயைச் சுற்றிப் பஞ்சு தெரிந்தால் அது பூஞ்சையாக இல்லாமல் பாக்டீரியாவாக இருக்க வாய்ப்புண்டு. வயிறு உப்பித் தலைகீழாக மிதக்கும் தங்கமீனுக்கு இரண்டு நாள் பட்டினி, பிறகு தோல் உரித்து வேகவைத்த பட்டாணி சிறிது. செதில்கள் நிமிர்ந்து உடல் வீங்கிவிட்டால் பிழைப்பது அரிது.

மருந்து கொடுப்பது

பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் சிறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும், தனி மருத்துவத் தொட்டி தயார். மெத்திலீன் புளூவை முதன்மைத் தொட்டியில் ஊற்றினால் நல்ல பாக்டீரியாக்கள் போய்விடும், கண்ணாடியை ஒட்டியிருக்கும் சிலிக்கானும் நீலமாகும். ஃபில்டரில் கரி இருந்தால் மருந்து தரும் நாள்களில் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். வீட்டிலிருக்கும் ஆன்டிபயாடிக் காப்சூலைப் பிரித்துக் கொட்டும் யோசனை யார் சொன்னாலும் வேண்டாம். கையில் காயம் இருந்தால் உறையணிந்து வேலை செய்யுங்கள். மீனிலிருந்து மனிதத் தோலுக்குத் தாவும் பாக்டீரியாவும் உண்டு.

மாற்றிய நீரை, உப்போ மருந்தோ கலக்காததாக இருந்தால், மாடித் தோட்டத்துக்கு ஊற்றுங்கள். 2024 கோடையில் குடிநீரைச் செடிக்கு ஊற்றினால் 5000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த நகரம் இது. நைட்ரேட் நிறைந்த இந்த நீர் செடிக்கு நல்ல உரமும்கூட.

இனி புதிய மீன் வாங்கினால் அந்த மருத்துவத் தொட்டியிலேயே மூன்று வாரம் தனியே வைத்துப் பாருங்கள். கடைப் பையை அரை மணி நேரம் நீரில் மிதக்கவிட்டு, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்குப் போகட்டும்.