பேச்சு எங்கே தொல்லையாகிறது: பெங்களூருவில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

நவம்பர் பிறந்தால் பெங்களூரு அலுவலகங்களில் கர்நாடக மாநிலம் உருவான நாளான ராஜ்யோத்சவத்தைக் கொண்டாடுவார்கள். ஆண்கள் தோளில் மஞ்சள் சிவப்புத் துண்டும் பெண்கள் பட்டுச் சேலையுமாக வந்து நிற்கும் அந்த ஒரு நாளில், "சேலை நல்லாயிருக்கு" என்பதை ஒரு பெண் பத்துத் தடவையாவது கேட்டிருப்பார். பக்கத்து இருக்கைத் தோழி சொன்னதும், காபி இயந்திரத்தருகே வேறு குழுவைச் சேர்ந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனதும் அவர் மனத்தில் தங்காது. அதையே எல்லோரும் கிளம்பிய பிறகு, மாலை ஏழரை மணிக்கு, அவருடைய ஆண்டு மதிப்பீட்டை எழுதப்போகிற மேலாளர் மீட்டிங் அறை வாசலை அடைத்தாற்போல் நின்றுகொண்டு, முகத்தை விட்டு இடுப்பைப் பார்த்தபடி சொல்லி, "தினமும் இப்படியே வந்தா என்ன?" என்றும் சேர்த்துக்கொண்டால், அந்தப் பெண் அடுத்த ராஜ்யோத்சவத்துக்குச் சுடிதாரில்தான் வருவார்.

நான் இங்கே ஒரு நிறுவனத்தில், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் சில ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். பயிற்சி வகுப்பு எடுக்கும்போதெல்லாம் ஆண்கள் பக்கமிருந்து தவறாமல் ஒரு கோரிக்கை வரும்: "எதையெல்லாம் சொல்லக் கூடாதுன்னு ஒரு லிஸ்ட் குடுத்துடுங்க மேடம், அதோட பிரச்சினை முடிஞ்சுடும்." மேலே சொன்ன சேலைக் கதையே அந்தப் பட்டியலைத் தர முடியாததற்குக் காரணம். ஆனால், ஒரு பேச்சை எப்படி எடைபோடுவது என்பதைச் சொல்லித்தர முடியும். (குழுவின் முன் வந்த விவரங்களை வெளியிடுவதைப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே இங்கே வரும் அலுவலகக் காட்சிகள் எல்லாம் வகுப்புக்காக நான் கட்டியவை.)

சட்டத்தின் அடிப்படையை முதலில் முடித்துவிடுவோம். விசாகா வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளே பின்னர் 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமாயின. பேச்சுவழக்கில் போஷ் (POSH) சட்டம் என்கிறோம். தொடுதலும் நெருங்க முயலுதலும், பாலுறவுச் சலுகை கேட்பது, பாலியல் சாயம் கொண்ட பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, இவை தவிர பாலியல் தன்மையுள்ள வேறெந்தச் சொல்லும் செய்கையும் அதில் அடங்கும். இவற்றுக்கெல்லாம் மேலே சட்டம் வைத்திருக்கும் அடைமொழி "விரும்பத்தகாத" என்பது. எல்லைக்கோட்டைப் பற்றிய வழக்காடல் முழுவதும் அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் நடக்கிறது.

விரும்பத்தகாதது என்பதை யார் முடிவுசெய்வது? 2025-இன் முதல் மூன்று மாதங்களில் மூன்று உயர் நீதிமன்றங்கள் இதைத் தொட்டன. பெண் ஊழியரின் உடலமைப்பு அழகாக இருக்கிறது என்று சொன்னது வெறும் பாராட்டுத்தான் என்ற வாதத்தை ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அதைப் பாலியல் சாயம் கொண்ட பேச்சாகவே கருதி, வழக்கை ரத்துசெய்ய மறுத்தது. அதே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கில், பெண்களின் இருக்கைக்குப் பின்னால் நெருங்கி நின்றதும் தோளைத் தொட்டதும் குற்றச்சாட்டுகள். வேலையை மேற்பார்வையிட அப்படி நிற்கத்தான் வேண்டியிருந்தது என்பது அந்த மேலாளரின் பதில். செய்தவரின் நோக்கத்தைவிடச் செய்கையும் அதை அந்தப் பெண்கள் எப்படி உணர்ந்தார்கள் என்பதுமே முக்கியம் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் மறுபக்கம் சாய்ந்தது. பயிற்சிக் கூட்டமொன்றில் நீளமான கூந்தலைச் சரிசெய்துகொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, இதைப் பராமரிக்க ஜேசிபி வேண்டியிருக்குமே என்று ஒருவர் சொல்லி, கூந்தலைப் பற்றிய பாட்டு ஒன்றின் வரியையும் பாடினார். இதை உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் பாலியல் தொல்லை என்று கொள்வது கடினம் என்றது அந்நீதிமன்றம். அந்தப் பெண்ணும் அந்த நேரத்தில் அதை அப்படி எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

கடைசித் தீர்ப்பு வந்த வாரம் "பாட்டுப் பாடலாமாமே" என்று எங்கள் அலுவலகத்தில் நக்கல் ஓடியது. நிறையப் பேர் நடுவே ஒரு தடவை நடந்தது என்ற சூழலை விட்டுவிட்டுப் பலர் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பேச்சு தண்டனைக்குரியதல்ல என்று ஆனாலும், அது மரியாதையான பேச்சாகிவிடாது. இரண்டுக்கும் நடுவே ஏக்கர் கணக்கில் இடம் கிடக்கிறது. அலுவலகப் பேச்சில் முக்கால்வாசி அந்த இடத்தில்தான் நடக்கிறது.

ஆகவே எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது, பேச்சு எதைப் பற்றியது என்பதை. ஒருவர் தேர்ந்தெடுத்ததையோ செய்ததையோ பற்றியதா, அவருடைய உடலைப் பற்றியதா? "கம்மல் நல்லாயிருக்கு" முதல் வகை. "இந்த டிரெஸ்ல உன் ஷேப் நல்லாத் தெரியுது" என்பதில் உடையின் பெயர் வந்தாலும் பேச்சு உடலைப் பற்றியதுதான். அடுத்தது, கேட்பவருக்கு முகம் சுளிக்கிற சுதந்திரம் இருக்கிறதா என்பது. சம்பள உயர்வு, ஷிப்ட், வெளிநாட்டுப் பயணம், ஒப்பந்தப் புதுப்பிப்பு ஆகியவை யார் கையில் இருக்கின்றனவோ அவர் அடிக்கும் ஜோக்குக்கு எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைச் சம்மதமாகக் கணக்கெழுதக் கூடாது. மூன்றாவதுதான் என் அனுபவத்தில் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவைக்கிறது: பிடிக்கவில்லை என்பதை அவர் காட்டிய பிறகு என்ன நடந்தது? முதல் தடவை வாய் தவறியதாக இருக்கலாம். அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகும் வருகிற இரண்டாவது தடவைக்கு அந்தச் சலுகை கிடையாது. அதற்காக எல்லாவற்றுக்கும் இரண்டு தடவை அவகாசம் உண்டு என்று எண்ணிவிட வேண்டாம். தொடுவதற்கும் படுக்கைக்கு அழைப்பதற்கும் ஒரு தடவையே போதும்.

இங்கே தமிழர்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது கொஞ்சம் உண்டு. ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ புதிதாக வேலைக்குச் சேரும் பெண்ணிடம் "திருநெல்வேலியா? எங்களுக்குச் சங்கரன்கோவில்" என்று ஒருவர் சொன்னால் பாதித் தயக்கம் போய்விடுகிறது, பிஜி தேடித் தருவதிலிருந்து பொங்கலுக்கு பஸ் டிக்கெட் எடுத்துத் தருவது வரை அந்த ஊர்ப்பாசம் உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே வாயால் "நம்ம ஊர்ப் பொண்ணு, கேட்கக் கூடாதா?" என்ற உரிமையும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. "இன்னும் கல்யாணம் ஆகலையா?" என்பது தேவையற்ற கேள்வி, எரிச்சலூட்டும் கேள்வி, ஆனால் அதுமட்டுமே பாலியல் தொல்லை ஆகிவிடாது. "ராத்திரி ரூம்ல தனியாத்தான் இருப்பியா?" என்பது அடுத்த வீட்டுக்குள் கால் வைத்த கேள்வி. இரண்டையும் ஒரே அக்கறைக் குரலில்தான் கேட்பார்கள்.

கன்னடமும் இந்தியும் பேசுகிறவர்கள் நிறைந்த அறையில், இருக்கும் இரண்டு தமிழர்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்து இரட்டை அர்த்தத்தில் எதையாவது தமிழில் சொல்வது இன்னொரு வகை. எட்டுப் பேர் முன்னால் சொல்லப்பட்டாலும் அது ஒருவர் மேல் மட்டும் விழுகிறது. மற்றவர்கள் "என்ன ஜோக், எங்களுக்கும் சொல்லுங்க" என்று கேட்பார்கள். மொழிபெயர்த்துத் தன்னைத் தானே அவமானப்படுத்திக்கொள்வதா, பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பதா என்ற இக்கட்டு அந்தப் பெண்ணுக்கு. இதைச் செய்கிற ஆண்கள், யாருக்கும் புரியவில்லையே, அதில் என்ன அவமானம் என்று உண்மையாகவே ஆச்சரியப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

முறைப்பெயர்களையும் கவனியுங்கள். நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்த பெண் இன்று திடீரென "அண்ணா" என்றால், அது பாசம் பெருகியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. நாகரிகமாகப் போட்டிருக்கிற வேலி அது. "அண்ணான்னு எல்லாம் கூப்பிடாதே, ஒரு மாதிரி இருக்கு" என்று பதில் சொல்கிறவருக்கு அந்த வேலி கண்ணில் பட்டிருக்கிறது என்றுதான் பொருள்.

பேசுகிறவர் என்ன செய்யலாம்? "உன் தங்கச்சிகிட்ட யாராவது இப்படிச் சொன்னா?" என்ற சோதனையைப் பலர் சொல்லித்தருகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, யாருக்காவது தங்கையாக இருந்தால்தான் மரியாதை என்று ஆகிவிடுகிறது. அதற்குப் பதிலாக, நீங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெண் துணைத் தலைவரிடம் இதே வாக்கியத்தைச் சொல்வீர்களா என்று பாருங்கள். நாக்கு எழாது என்றால் எல்லை எங்கே என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பாராட்டுவதானால் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். நின்று பதிலுக்குக் காத்திருப்பதுதான் பாராட்டைக் கெடுக்கிறது. உங்களுக்குச் சமமான நிலையில் இருப்பவரைக் காபிக்கு ஒரு முறை அழைப்பது குற்றமல்ல, உங்களுக்குக் கீழே வேலை செய்பவரை அழைக்காதீர்கள். "பார்க்கலாம்" என்ற பதிலுக்குத் தமிழில் என்ன அர்த்தம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும், இந்த விஷயத்தில் மட்டும் தெரியாததுபோல் இருக்க வேண்டாம். தவறிப் பேசிவிட்டால் "தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க, இனிமே வராது" என்பதோடு நிறுத்துங்கள். கோபமா, கோபமா என்று இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஆறு செய்தி அனுப்பினால் மன்னிப்பே அடுத்த தொல்லையாகிவிடும்.

கேட்க நேர்ந்தவருக்கு: முடிந்தால் அங்கேயே, சிரிக்காமல், "இந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பிடிக்கலை, வேலையைப் பத்தி மட்டும் பேசுங்க" என்று சொல்லுங்கள். காரணம் சொல்லத் தொடங்க வேண்டாம். காரணம் சொன்னால் விவாதம் வரும். அந்த நேரத்தில் வாய் வரவில்லை என்றால் பிறகு செய்தியாக அனுப்பலாம், அதுவே ஆவணமாகவும் நிற்கும். எதுவுமே சொல்லாமல் இருந்துவிட்டாலும் புகார் கொடுக்கும் உரிமை போய்விடாது. எதிர்ப்புத் தெரிவித்திருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் நிபந்தனை விதிக்கவில்லை. அன்றிரவே தேதி, நேரம், இடம், சொன்ன சொற்கள், பக்கத்தில் இருந்தவர்கள் ஆகியவற்றை எழுதிவைத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். அருவருப்பாக இருக்கிறதென்று செய்திகளை அழித்துவிடாதீர்கள். நிறுவனம் ஏற்பாடு செய்த கேப், நந்தி மலைக்குப் போன டீம் அவுட்டிங் ஆகியவையும் பணியிடத்தில் அடக்கம்.

பக்கத்தில் நிற்பவர்கள் சண்டை போட வேண்டியதில்லை. "என்ன சொன்னீங்க? புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டாலே பெரும்பாலான இரட்டை அர்த்தங்கள் அங்கேயே செத்துவிடும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். மூத்த நிலையில் உள்ள பெண்ணே தலைவராக இருப்பார், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள், ஒருவர் வெளியாள். பத்துக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் கடை, முதலாளியே தொல்லை தருபவர் என்ற நிலை, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்யும் நம் ஊர்ப் பெண்கள் ஆகியோருக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் தளத்தின் வழியாகவும் புகார் பதியலாம். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும்; அதுவரை இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கலாம். புகார் நிரூபணமாகாமல் போனால் அது பொய்ப்புகார் ஆகிவிடாது என்று 14-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. இதைப் பெண்களைவிட அவர்களைப் பயமுறுத்துகிறவர்களுக்குத்தான் முதலில் வாசித்துக்காட்ட வேண்டும். சமரசத்தை அந்தப் பெண் கேட்டால் மட்டுமே பேசலாம், அதிலும் பணம் கைமாறக் கூடாது. போலீஸுக்குப் போவது தனி வழி: நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவில் பாலியல் சாயம் கொண்ட பேச்சுக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. போஷ் சட்டம் பெண்களின் புகாருக்கானது என்பதால், தொல்லைக்கு ஆளான ஆண்கள் நிறுவனத்தின் சொந்தக் கொள்கையில் இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

புகார் எழுதும்போது பெங்களூருவில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று. குழுவில் தமிழ் தெரிந்தவர் இருக்கமாட்டாரே என்று, சொல்லப்பட்டதை ஆங்கிலத்துக்கு மாற்றி, அப்படி மாற்றும்போதே கூச்சத்தில் மழுக்கிவிடுகிறார்கள். "செம கட்டை" என்று சொன்னவன் புகாரில் "தோற்றத்தைப் பற்றிக் கருத்துச் சொன்னவர்" ஆகிவிடுகிறான். குழுவும் அதைப் படித்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று யோசிக்கிறது. காதில் விழுந்த சொற்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதி, கீழே உச்சரிப்பையும், அதன் கீழே நேரான பொருளையும், அந்தச் சொல்லைத் தெருவில் யார் யாரை நோக்கிச் சொல்வார்கள் என்பதையும் எழுதுங்கள். தமிழ் தெரிந்த ஒருவரை விசாரணையின்போது மொழிபெயர்ப்புக்கு வைக்கும்படியும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். சாட்சிகளின் பெயரும் முகவரியும் சேர்த்து ஆறு பிரதிகள் தர வேண்டும். கெடு மூன்று மாதம், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். தொடர்ந்து நடந்த தொல்லையானால், அந்தக் கணக்கு கடைசியாக நடந்த நாளிலிருந்து தொடங்கும்.