புதிய விறகுக் கணப்பைப் பொருத்தும்போது முதல் தீக்கு முன் பார்க்க வேண்டியவை

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் வீட்டைச் சூடாக்க வாங்கப்படும் இரும்பு விறகுக் கணப்பில் குறை தெரிந்தால், அது தொழிற்சாலையில் நேர்ந்ததா, வண்டியில் வரும்போது நேர்ந்ததா, பொருத்தியவரின் அவசரத்தால் நேர்ந்ததா என்ற கேள்வி உடனே எழும். ஒருமுறை தீ மூட்டிவிட்டால் இந்தக் கேள்விக்கு விடை காண்பது கடினமாகிவிடும். வெடிப்பு எதுவாயினும் பயன்பாட்டால் வந்தது என்று விற்பனையாளர் சொல்ல இடம் கிடைத்துவிடும். ஆகவே சோதனைகளில் பெரும்பாலானவற்றை அடுப்பு குளிர்ந்திருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

பெட்டியைப் பிரித்ததும், பொருளைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடும் முன், கதவைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வார்ப்பிரும்புப் பாகங்களில் முடி அளவு வெடிப்பு இருந்தாலும் அந்தப் பாகத்தை மாற்றித் தரக் கேட்பதே முறை. உட்சுவரில் அடுக்கிய தீச்செங்கல்லில் ஒரு கோடு விழுந்திருப்பது அத்தனை கவலைக்குரியது அன்று. கல் தன் இடத்தில் நிற்கும் வரை அது தன் வேலையைச் செய்யும். பின்புறத் தகட்டிலுள்ள வரிசை எண்ணையும், எரியக்கூடிய சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்ற அளவுகளையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுவரோடு ஒட்டி நிறுத்திய பிறகு அந்தத் தகட்டைப் படிக்க முடியாது.

அதிகம் தவறு நடக்கும் இடம் பேஃபிள் பலகை, அதாவது புகையை நேரே குழாய்க்குள் ஏறவிடாமல் தடுத்துத் திருப்பும் உட்கூரை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2020இல் நடைமுறைக்கு வந்த வரம்பின்படி, சீரான அளவில் அறுத்த மரச்சட்டங்களைக் கொண்டு சோதிக்கப்படும் கணப்பு மணிக்கு 2 கிராமுக்கு மேல் புகைத்துகளை வெளியிடக் கூடாது. வினையூக்கி இல்லாத கணப்புகள் இதை எட்டுவதற்குக் காரணம், கூரைப்பகுதியில் உள்ள துளையிட்ட குழாய்கள் சூடான காற்றை ஊதிப் புகையையே மறுபடி எரிப்பதுதான். அந்தக் குழாய்களின் மேல் கிடக்கும் பலகை, வெர்மிகுலைட் என்ற சூடு தாங்கும் கனிமமாகவோ பீங்கான் இழையாகவோ இருப்பதால், எளிதில் நொறுங்கும். வண்டிக் குலுக்கலில் நகர்ந்தும் விடும். போதாக்குறைக்கு, நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள அடுப்பைத் தூக்க வசதியாக இருக்கட்டும் என்று பொருத்துபவர்கள் கல்லையும் பலகையையும் வெளியே எடுத்துவிட்டு, கடைசியில் அவசரமாகத் திருப்பி வைப்பதுண்டு. பலகை இருக்க வேண்டிய இடத்திலிருந்து விரல் அகலம் விலகினாலும் புகை எரியாமல் நேரே புகைக்குழாய்க்குள் ஏறிவிடும்: குழாய் அளவுக்கு மீறிச் சூடாகும், அறை சூடாகாது, விறகு விரைவில் தீரும். எனவே கையேட்டுப் படத்தை அருகில் வைத்துக்கொண்டு, பலகை எந்த விளிம்பில் முட்டி நிற்க வேண்டும் என்பதையும், காற்றுக்குழாய்களைப் பிடித்திருக்கும் ஆணியோ திருகோ இறுகியுள்ளதா என்பதையும் நீங்களே கைவைத்துப் பார்க்க வேண்டும்.

கதவைச் சோதிக்க ஒரு காகிதத்தாள் போதும். தாளைக் கதவிடுக்கில் வைத்துத் தாழிட்டு இழுங்கள். நான்கு பக்கமும் பல இடங்களில் இப்படிச் செய்யும்போது எங்கேனும் தாள் தடையின்றி வழுக்கி வந்தால், அங்கே கதவோர இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் கயிறு சரியாக ஒட்டப்படவில்லை அல்லது தாழ்ப்பாளை இறுக்க வேண்டும் என்று பொருள். கண்ணாடியைப் பிடித்திருக்கும் திருகுகளை மட்டும் முறுக்கி இறுக்காதீர்கள். சூட்டில் இரும்பு விரிவதற்கு இடமில்லாவிட்டால் கண்ணாடிதான் உடையும். பல தகடுகளை இணைத்துச் செய்த வார்ப்பிரும்பு அடுப்பானால், இரவில் விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே பிரகாசமான விளக்கை வைத்து இணைப்புகளில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். ரசமட்டம் வைத்துக் கால்களைச் சமன்படுத்துவதும் இப்போதே நடக்க வேண்டும், குழாய் ஏறிய பிறகு அன்று.

புகைக்குழாய்த் துண்டுகளின் நெளித்துக் குறுகலாக்கிய முனை எப்போதும் அடுப்பை நோக்கிக் கீழே இருக்க வேண்டும். தலைகீழாகத் தெரியும் இந்த முறைக்குக் காரணம் உண்டு: குழாயின் உட்சுவரில் புகையிலிருந்து படியும் தார் போன்ற கிரியோசோட் உருகி வழிந்தால் அது அடுப்புக்குள்ளேயே திரும்ப வேண்டும், இணைப்பு வழியாக வெளியே ஒழுகக் கூடாது. ஒவ்வோர் இணைப்பிலும் மூன்று திருகுகள் வேண்டும். துத்தநாகம் பூசிய குழாய் சூட்டில் நச்சுப்புகை விடும் என்பதால் அதை ஏற்கவே கூடாது. ஒற்றைச்சுவர்க் குழாய்க்கும் எரியக்கூடிய சுவருக்கும் இடையே 18 அங்குலம் இருக்க வேண்டும். கூரையையோ சுவரையோ கடக்கும் இடத்தில் அதற்கென்றே செய்த காப்பிட்ட புகைபோக்கிதான் வர வேண்டும். கதவுக்கு முன்னால் எரியாத தளம் அமெரிக்காவில் 16 அங்குலமும் கனடாவில் 18 அங்குலமும் நீண்டிருக்க வேண்டும் என்பது பொது விதி. கனடாவில் காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் வெட் (WETT) என்ற விறகு அடுப்புப் பயிற்சி அமைப்பின் சான்று பெற்ற ஆய்வாளரின் அறிக்கையைக் கேட்பதால், அவரைத் தொடக்கத்திலேயே அழைத்துவிடுவது நல்லது.

முதல் தீ சிறியதாக இருக்கட்டும். அடுத்தடுத்த தீயைச் சற்றே கூட்டிக்கொண்டு போகலாம். அப்போது எழும் நெடியும் மெல்லிய புகையும் வண்ணப்பூச்சு இறுகுவதால் வருபவை. சன்னலைத் திறந்துவைத்து, குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் குழாய் இணைப்பிலிருந்தோ கதவோரத்திலிருந்தோ புகை வந்தால் அது வண்ணப்பூச்சு அன்று.

அப்படி வந்தால், சமையலறை வெளியேற்று விசிறியை நிறுத்தி, அடுப்புக்கு அருகிலுள்ள சன்னலைச் சற்றுத் திறந்து பாருங்கள். புகை நின்றுவிட்டால் குறை அடுப்பில் இல்லை, வீட்டின் காற்றழுத்தத்தில் இருக்கிறது. நிற்காவிட்டால் புகைபோக்கியின் உயரத்தை அளக்க வேண்டும்: கூரையைக் கடக்கும் இடத்திலிருந்து 3 அடியும், 10 அடிக்குள் உள்ள எதையும்விட 2 அடியும் அது உயர்ந்திருக்க வேண்டும். கண்ணாடி கறுத்துத் தீ மந்தமாக எரிந்தால், விறகைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் விறகை எரித்துக்கொண்டு அடுப்பைக் குறை கூறுவது வீண். கடைக்காரர் வார்த்தையை மட்டும் நம்பி வாங்கிய ஓக் விறகு பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததாகவே இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் குறை நீடித்தால், எந்தப் பாகத்தையும் துளையிடவோ அறுக்கவோ வேண்டாம், உத்தரவாதம் போய்விடும். முன்பே எடுத்த படங்கள், வரிசை எண், செய்த சோதனைகளின் முடிவு ஆகியவற்றுடன் விற்பனையாளருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். சில வாரப் பயன்பாட்டில் கேஸ்கெட் கயிறு அமுங்கித் தாழ்ப்பாள் தளர்வது இயல்பானதால், குளிர்காலம் பாதியிலிருக்கும்போது காகிதச் சோதனையை மறுபடி ஒருமுறை செய்து, தாழ்ப்பாளைத் தேவையான அளவுக்கு இறுக்கிக்கொள்ள வேண்டும்.