மீன் ஏலக் கணக்கு நிரலை விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் பேக்கேஜாகக் கட்டுவது எப்படி?

பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதி முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இறால், கணவாய், நண்டு, சங்காயம் என ஏலத்தில் போன சரக்குக்கு எடையும் விலையும் போட்டால், தரகு கழித்துப் படகு வாரியாகக் கணக்குக் காட்டுகிறது. உங்கள் கணினியில் நன்றாக ஓடுகிறது. இனி மண்டபம், பாம்பன், தொண்டி ஏலக்கடைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டும். அங்கே பைத்தான் இருக்காது, இருக்க வேண்டிய தேவையும் இல்லை. கடைக்காரர் ஒரு கோப்பை இரண்டு முறை சொடுக்கினால் நிரல் உட்கார வேண்டும். வேண்டாம் என்று நீக்கினால் முழுசாகப் போக வேண்டும். அவர் போட்டு வைத்த கணக்கு மட்டும் எந்த நிலையிலும் அழியக் கூடாது. இந்த மூன்றும் நடந்தால்தான் அது பேக்கேஜ்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் கணினிகளைக் கணக்கெடுங்கள்

யாருடைய கணினியில் ஓட வேண்டும் என்ற பட்டியல் இல்லாமல் பேக்கேஜ் வேலையைத் தொடங்க வேண்டாம். இந்தக் கடற்கரையில் ஏலக்கடை மேசையில் விண்டோஸ் 7 போட்ட 32 பிட் கணினி இருக்கலாம். கொள்முதல் கம்பெனி அலுவலகத்தில் விண்டோஸ் 10 அல்லது 11 இருக்கும். சில வீடுகளில் பிள்ளைகள் படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப்தான் கணக்கு எழுதவும் பயன்படும். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் என்ற மத்திய அரசுக் கணினி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், டெபியன் வழி வந்தது என்பதால் உபுண்டுவுக்குக் கட்டும் டெப் என்ற பேக்கேஜ் கோப்பு வகையே அதற்கும் பொருந்தும்.

ஒவ்வொரு கணினிக்கும் இயங்குதளப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா, லினக்ஸ் என்றால் ஜிலிப்சி (நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகம்) பதிப்பு, இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முனையத்தில் 'எல்டிடி --வெர்ஷன்' என்று தட்டினால் முதல் வரியிலேயே ஜிலிப்சி எண் தெரியும்.

பட்டியலில் எது மிகப் பழையதோ அதற்காகத்தான் கட்ட வேண்டும். பழைய ஜிலிப்சியில் கட்டிய நிரல் புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் திறக்கவே திறக்காது. உபுண்டு 20.04-லும் டெபியன் 11-லும் ஜிலிப்சி 2.31. உபுண்டு 22.04-ல் 2.35, டெபியன் 12-ல் 2.36, உபுண்டு 24.04-ல் 2.39. உங்கள் 24.04 கணினியில் கட்டிய நிரலை டெபியன் 11-ல் திறந்தால் 'ஜிலிப்சி இத்தனையாவது பதிப்பு கிடைக்கவில்லை' என்ற பிழையோடு நின்றுவிடும். அந்தப் பிழையைப் பார்த்து அங்கே போய் ஜிலிப்சியை மாற்ற முயல வேண்டாம், மொத்த இயங்குதளமும் படுத்துவிடும். கட்டும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன. இணையத்தோடு பேசாத கணக்கு நிரலுக்கு இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பணம் அனுப்புகிற நிரலுக்குக் கூடாது. பட்டியலில் விண்டோஸ் 7 இல்லையென்றால் புதிய பைத்தானுக்கே போங்கள்.

திரை எழுதும் நூலகத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பைத்தானோடு வரும் டிகே, லினக்ஸில் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்காது. 'கொ' என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று நிற்கும். க்யூட்டி என்ற இன்னொரு திரை நூலகத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் க்யூட்டி 6 விண்டோஸ் 7-ல் ஓடாது. ஆகவே பழைய கணினிகளுக்கு க்யூட்டி 5.15-ஐப் பைத்தானில் பயன்படுத்த உதவும் பைசைட்2 போதும்.

கட்டுவதற்கு முன் நிரலில் திருத்த வேண்டியவை

பேக்கேஜில் வரும் புகார்களில் பெரும்பங்கு நிரலிலேயே இருக்கும் கோளாறுகள். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம்.

கணக்குக் கோப்பை நிரல் இருக்கும் ஃபோல்டரிலேயே எழுதுவது முதல் கோளாறு. உங்கள் கணினியில் அது ஓடும். விண்டோஸில் 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே போனதும் எழுத அனுமதி கிடைக்காது. லினக்ஸில் 'ஆப்ட்' (ஓ-பி-டி) ஃபோல்டரிலும் அப்படியே. க்யூட்டியின் க்யூஸ்டாண்டர்டுபாத்ஸிடம் 'ஆப் டேட்டா லொகேஷன்' கேட்டால் அந்தந்த இயங்குதளத்துக்குச் சரியான இடத்தைச் சொல்லும்: விண்டோஸில் பயனரின் 'ஆப்டேட்டா' உள்ளே, லினக்ஸில் வீட்டு ஃபோல்டரின் '.லோக்கல்/ஷேர்' உள்ளே. இடத்தைச் சொல்லுமே தவிர ஃபோல்டரை உருவாக்காது. நிரல் தொடங்கும்போதே அதை உருவாக்கிவிடுங்கள்.

இரண்டாவது, நம் மொழியில் நிரல் எழுதும் எல்லோரையும் தாக்குவது. கோப்பைத் திறக்கும்போது 'என்கோடிங்' என்று, எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யுடிஎஃப்-8 குறிமுறையைக் குறிப்பிடாவிட்டால், விண்டோஸில் பைத்தான் பழைய குறிமுறையை எடுத்துக்கொள்ளும். 'சீலா' என்ற மீன் பெயரை எழுதப் போனவுடன் 'சார்மேப் கோடெக்' பிழை வரும். லினக்ஸில் இது தெரியவே தெரியாது. கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு வரியிலும் யுடிஎஃப்-8 என்று எழுதுங்கள்.

மூன்றாவது, படங்கள், ஐகான்கள். நிரல் எந்த ஃபோல்டரிலிருந்து தொடங்கப்பட்டதோ அதை வைத்துத் தேடாமல், நிரல் கோப்பு இருக்கும் இடத்தை வைத்துத் தேடச் சொல்லுங்கள். மெனுவிலிருந்து திறக்கும்போது இரண்டும் வேறு வேறு.

பைஇன்ஸ்டாலர்

பைத்தானையும் நூலகங்களையும் உங்கள் நிரலோடு சேர்த்து ஒரு ஃபோல்டராக்கித் தருவது பைஇன்ஸ்டாலரின் வேலை. விண்டோஸுக்கானதை விண்டோஸில்தான் கட்ட முடியும், லினக்ஸுக்கானதை லினக்ஸில்தான். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

1. வெறும் மெய்நிகர் சூழல் ஒன்றை 'பைத்தான் -எம் வென்வ்' வழியாக உருவாக்குங்கள். அதில் பைசைட்2, பைஇன்ஸ்டாலர், உங்கள் நிரல் கேட்பவை, இவற்றை மட்டும் போடுங்கள். நாள்பட்ட பைத்தானில் கட்டினால் தேவையில்லாத நூலகங்களும் ஏறிக்கொண்டு பேக்கேஜ் ஊதிப்போகும்.

2. 'பைஇன்ஸ்டாலர் --ஒன்டிர் --நேம் பாடு மெயின்.பிஒய்' என்று ஓட்டுங்கள். 'பாடு' என்பது இங்கே நம் நிரலின் பெயர். 'டிஸ்ட்' ஃபோல்டருக்குள் 'பாடு' என்ற ஃபோல்டர் கிடைக்கும்.

3. அதை முனையத்திலிருந்து திறந்து பாருங்கள். பிழை இருந்தால் கண்ணில் படும். சரியாக ஓடிய பிறகுதான் '--விண்டோடு' சேர்த்து மறுபடி கட்டுங்கள். முதலிலேயே சேர்த்தால் பிழை வெளியே தெரியாமல் நிரல் மட்டும் மறைந்துபோகும்.

'ஒன்ஃபைல்' என்று ஒரே கோப்பாகக் கட்டும் வழியும் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். திறக்கும் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் தற்காலிக ஃபோல்டரில் பிரித்துப் போட்டுத்தான் தொடங்கும். பழைய கணினியில் ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது அந்தத் தாமதம் தாங்காது. வைரஸ் தடுப்பு நிரல்களும் அதைத்தான் அதிகமாகச் சந்தேகப்படும்.

விண்டோஸுக்கு 32 பிட் பைத்தானில் கட்டினால் 32, 64 இரண்டிலும் ஓடும். ஒரே பேக்கேஜ் போதும். விண்டோஸ் 7-ல் சர்வீஸ் பேக் 1 இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் போனில் "தம்பி, ஏதோ டிஎல்எல் இல்லைங்குது" என்றால் பெயரை முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள். 'ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி' என்று தொடங்கினால் மைக்ரோசாஃப்டின் கேபி2999226 என்ற அப்டேட் போட வேண்டும். 'ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்' என்று வந்தால் நீங்கள் 3.8-க்கு மேற்பட்ட பைத்தானில் கட்டியிருக்கிறீர்கள். திருத்தம் உங்கள் பக்கம்தான். எப்படியிருந்தாலும் டிஎல்எல் கோப்பை ஏதோ ஒரு இணையதளத்திலிருந்து இறக்கிப் போடச் சொல்லாதீர்கள். மால்வேர் உள்ளே வரும் வழி அது.

விண்டோஸ்: இன்னோ செட்டப்

விண்டோஸுக்கான செட்டப் கோப்பைக் கட்டித் தரும் கருவி இன்னோ செட்டப். அதன் விசார்டு கேட்கும் கேள்விகளுக்குப் பதில் கொடுத்தால் ஸ்கிரிப்ட் தயாராகிவிடும். பிறகு ஸ்கிரிப்டைத் திறந்து சிலவற்றை உங்கள் கையால் சரிபாருங்கள்.

'ஆப்ஐடி' என்ற நீண்ட எண்ணை முதல் பதிப்பில் உருவாக்கியபின் மாற்றவே கூடாது. மாற்றினால் புதிய பதிப்பு பழையதன் மேல் உட்காராமல் தனி நிரலாக இறங்கும்; நீக்கும் பட்டியலில் இரண்டு நிற்கும். 'பிரிவிலேஜஸ் ரெக்வயர்டு' என்பதற்கு 'லோயஸ்ட்' கொடுங்கள். அட்மின் கடவுச்சொல் தெரியாத ஊழியரும் இன்ஸ்டால் செய்யலாம். 'ஃபைல்ஸ்' பகுதியில் 'டிஸ்ட்' உள்ளே கிடைத்த ஃபோல்டர் முழுவதையும் 'ரிகர்ஸ் சப்டிர்ஸ்' கொடியோடு சேருங்கள். அந்தக் கொடி விட்டுப்போனால் உட்ஃபோல்டர்கள் வராது, நிரல் திறக்காது.

நிரலை நீக்கும்போது இன்னோ தான் வைத்த கோப்புகளைத்தான் எடுக்கும். கணக்கு 'ஆப்டேட்டா'வில் இருப்பதால் தப்பிக்கும்.

டிஜிட்டல் கையொப்பம் இல்லாத செட்டப்பை உலாவி வழியாக இறக்கினால் விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் பாதுகாப்பு தடுக்கும். 'மோர் இன்ஃபோ' அழுத்தினால் 'ரன் எனிவே' தெரியும். கையொப்பச் சான்றிதழ் வாங்கலாம்; ஆனால் 2023 ஜூன் முதல் அதன் சாவி வன்பொருள் டோக்கன் போன்ற பாதுகாப்பான சாதனத்தில்தான் இருக்க வேண்டும் என்பது விதி, ஆண்டுதோறும் செலவும் உண்டு. பத்துக் கடைக்குக் கொடுப்பவர் நேரில் போய் இன்ஸ்டால் செய்வதே நல்லது. வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வதை மட்டும் பழக்கமாக்காதீர்கள்.

லினக்ஸ்: டெப் கோப்பு

டாக்கர் என்ற கருவி வழியாக உபுண்டு 20.04 கன்டெய்னர் (உங்கள் கணினிக்குள் தனித்து ஓடும் இன்னொரு லினக்ஸ் சூழல்) ஒன்றை எடுத்து அதற்குள் கட்டுங்கள். அதிலிருப்பதும் பைத்தான் 3.8, ஜிலிப்சி 2.31 என்பதால் விண்டோஸ் பக்கத்தோடு ஒத்துப்போகும். 'பைத்தான்3-வென்வ்', 'பைத்தான்3-டெவ்', 'பின்யூட்டில்ஸ்' மூன்றையும் முதலில் போடுங்கள். இல்லாவிட்டால் பைஇன்ஸ்டாலர் பாதியில் நிற்கும். லினக்ஸில் பைசைட்2 64 பிட்டுக்கு மட்டுமே தயாராகக் கிடைக்கிறது. பழைய பாஸ் லேப்டாப்பில் ஜிலிப்சி 2.31-க்குக் கீழே காட்டினால் அந்த லேப்டாப்பின் விண்டோஸ் பக்கத்தில் நிறுவிவிடுங்கள்.

இனி 'பாடு_1.0_ஏஎம்டி64' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 'ஆப்ட்/பாடு'வில் பைஇன்ஸ்டாலர் தந்தது எல்லாம். 'யூஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்' உள்ளே மெனுவுக்கான '.டெஸ்க்டாப்' கோப்பு, அதன் 'எக்ஸெக்' வரியில் நிரலின் முழுப் பாதை. கடைசியாக 'டெபியன்' ஃபோல்டர், இது மட்டும் முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். அதற்குள் 'கன்ட்ரோல்' கோப்பு: பேக்கேஜ், வெர்ஷன், ஆர்க்கிடெக்சர், மெயின்டெய்னர், டிபென்ட்ஸ், டிஸ்கிரிப்ஷன். பேக்கேஜ் பெயரில் சிறிய எழுத்து, எண், கூட்டல், கழித்தல், புள்ளி தவிர வேறெதுவும் வரக் கூடாது. கோப்பின் கடைசி வரிக்குப் பிறகு ஒரு என்டர் கட்டாயம்.

கட்டும் கட்டளை: 'டிபிகேஜி-டெப் --ரூட்-ஓனர்-குரூப் -இசட்எக்ஸ்இசட் --பில்டு', பிறகு ஃபோல்டர் பெயர். இதில் 'இசட்எக்ஸ்இசட்' என்பதன் முதல் எழுத்து மட்டும் பெரியது. அது ஏன் வேண்டும் என்றால், உபுண்டு 21.10 முதல் டெப் கோப்புகள் இயல்பாகவே இசட்எஸ்டிடி முறையில் சுருக்கப்படுகின்றன. டெபியன் 11 அதைப் பிரிக்கத் தெரியாமல் கைவிரிக்கும்.

'பேட் பெர்மிஷன்ஸ் 777' என்று வந்தால் ஃபோல்டரைப் பென்டிரைவிலோ விண்டோஸ் பகிர்விலோ வைத்திருக்கிறீர்கள். லினக்ஸ் வட்டுக்கு நகர்த்தி, 'டெபியன்' ஃபோல்டருக்கு 755 கொடுங்கள். 'போஸ்ட்இன்ஸ்ட்' போன்ற ஸ்கிரிப்டை விண்டோஸ் நோட்பேடில் எழுதியிருந்தால் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டிக்கொண்டு, கோப்பு இருந்தும் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று சொல்லும். 'டாஸ்2யுனிக்ஸ்' ஓட்டினால் சரியாகும்.

இன்ஸ்டால் செய்ய 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./' எழுதி, இடைவெளி விடாமல் கோப்புப் பெயர். இந்த 'ஆப்ட்' ஏ-பி-டி என்ற கட்டளை, முன்பு சொன்ன ஃபோல்டர் அல்ல. அந்தப் புள்ளியும் சாய்கோடும் இல்லாவிட்டால் அது கோப்பை இணையக் களஞ்சியத்தில் தேடப் போய்விடும். நிரல் திறக்காமல் 'எக்ஸ்சிபி பிளகின்' பிழை வந்தால், பேக்கேஜுக்குள் இருக்கும் 'லிப்க்யூஎக்ஸ்சிபி.எஸ்ஓ' கோப்பின் மேல் எல்டிடி ஓட்டுங்கள். 'நாட் ஃபவுண்டு' என்று நிற்கும் நூலகங்களின் பேக்கேஜ் பெயர்களை 'டிபென்ட்ஸ்' வரியில் சேருங்கள்.

மேக் கணினிக்கு மேக்கிலேயே கட்ட வேண்டும். எச்சரிக்கை இல்லாமல் திறக்க வேண்டுமென்றால் ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்டி நோட்டரைஸ் (ஆப்பிளின் சரிபார்ப்பு) செய்ய வேண்டும். பட்டியலில் மேக் இல்லையென்றால் இதைத் தொடவே வேண்டாம்.

வெறும் கணினியில் சோதனை

கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸில் எதுவும் போடாத விண்டோஸ் ஒன்று, டெபியன் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். அட்மின் அல்லாத பயனராகவும், தமிழில் பெயர் வைத்த பயனராகவும் திறந்து பாருங்கள். நாலு படகுக் கணக்குப் போட்டு, அடுத்த பதிப்பை மேலே ஏற்றி, பிறகு நீக்கி, மறுபடி ஏற்றுங்கள். கணக்கு அப்படியே இருக்க வேண்டும்.

ஜிமெயில் எக்ஸி கோப்பை ஜிப்பில் வைத்தாலும் அனுப்ப விடாது. பென்டிரைவில் கொண்டுபோனால், கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 எண்ணையும் தனியே எழுதி எடுத்துப்போய் ஒப்பிடுங்கள். லினக்ஸில் 'எஸ்ஹெச்ஏ256சம்', விண்டோஸில் 'செர்ட்யூட்டில் -ஹாஷ்ஃபைல்' என்று கோப்புப் பெயரும் கடைசியில் எஸ்ஹெச்ஏ256-உம். பாதி நகலான கோப்பு இதில் உடனே பிடிபடும்.

புதிய பதிப்பு

பதிப்பு எண்ணை ஒவ்வொரு முறையும் ஏற்றுங்கள். டெப் கணக்கில் 1.10 என்பது 1.9-க்குப் பிறகு வரும், முன்னால் இல்லை. சோதனைப் பதிப்புக்கு எண்ணோடு அலைக்குறி போட்டு எழுதினால் இறுதிப் பதிப்புக்கு முந்தையதாக எடுத்துக்கொள்ளும்.

கணக்கின் அமைப்பையே மாற்றுகிற பெரிய பதிப்பை விசைப்படகு நம்பியிருக்கும் கடைகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் கொடுங்கள். நாட்டுப்படகுச் சரக்கு எடுப்பவர்களுக்கு அப்போதும் ஏலம் உண்டு. அவர்களிடம் ஓய்வு நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்க்யூலைட் தரவுத்தளம் பயன்படுத்தினால் அதன் 'யூசர் வெர்ஷன்' எண்ணில் அமைப்பின் பதிப்பைக் குறித்து வையுங்கள். புதிய நிரல் பழைய எண்ணைக் கண்டால் முதலில் கணக்குக் கோப்பைத் தேதியிட்டு நகல் எடுத்து, பிறகே மாற்ற வேண்டும். பழைய நிரல் புதிய எண்ணைக் கண்டால் எதையும் எழுதாமல், புதிய பதிப்பு தேவை என்று தமிழில் சொல்லி நின்றுவிட வேண்டும். முந்தைய பதிப்பின் செட்டப்பையும் டெப்பையும் அழிக்காதீர்கள். புதியதில் கோளாறு வந்தால் அதை நீக்கிவிட்டு, நகல் எடுத்த கணக்கோடு பழையதை ஏற்றி அன்றைய ஏலத்தை நடத்திவிடலாம்.