பருமனான நோயாளிக்கு அறுவைக்கு முன் ஆன்டிபயாடிக்: எந்த மருந்துக்கு எந்த எடை?

அறுவை அரங்கில் புதிதாகச் சேர்ந்த பயிற்சி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இதை எழுதுகிறேன். கத்தி வைக்கும் அந்த நேரத்தில் மருந்து திசுவுக்குள் போதுமான அளவில் இருக்க வேண்டும். கொழுப்பு அடுக்கில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் அங்கே மருந்து சுலபமாகப் போய்ச் சேராது. பருமனானவர்களுக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பும் கூடுதல்.

1. எடை பாருங்கள். வாயால் கேட்டு எழுத வேண்டாம். கேஸ் ஷீட்டில் "சுமார் 110" என்றிருந்த ஒருவரை எடை மெஷினில் ஏற்றினேன், 126 காட்டியது. டோஸே மாறிப்போனது. உயரத்தையும் அளந்து கொள்ளுங்கள், ஒவ்வாமை உண்டா என்றும் கேளுங்கள்.

2. செஃபசோலின். பெரும்பாலான அறுவைகளுக்கு இதுதான். வழக்கமாக 2 கிராம். 120 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 3 கிராம். அதாவது 1 கிராம் குப்பி மூன்று. மூன்றையும் கரைத்து முடித்த பிறகே சிரிஞ்சில் லேபிள் ஒட்டுங்கள்.

3. கணக்குப் போட வேண்டியவை. குழப்பமெல்லாம் இங்கேதான். வான்கோமைசினுக்கு உண்மையான எடை: கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஜென்டாமைசினுக்கு அப்படிப் போட்டால் அளவு மிகுந்துவிடும். அதற்குத் திருத்திய எடை வேண்டும். 165 செ.மீ. உயரம், 130 கிலோ எடையுள்ள பெண் என்று வைத்துக்கொள்வோம். உயரத்துக்குரிய எடை: 45.5 + 0.91 × (165 − 152.4), சுமார் 57. (ஆண் என்றால் 45.5-க்குப் பதில் 50.) மிச்சமுள்ள 73 கிலோவில் 40 சதவீதம், அதாவது 29-ஐக் கூட்டினால் 86. கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் ஜென்டாமைசின் 430 மில்லிகிராம், ஒரே டோஸ். சிறுநீரகம் சரியாக இல்லாதவர் என்றால் கொடுக்கும் முன் மூத்த மருத்துவரைக் கேளுங்கள்.

4. நேரம். செஃபசோலினைக் கீறலுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும். வான்கோமைசினை அவசரமாக ஏற்றினால் உடல் சிவந்து ரத்த அழுத்தம் இறங்கும். இதே நோயாளிக்குக் கிட்டத்தட்ட 2 கிராம் வரும். அது மெதுவாக இறங்கவே இரண்டு மணி நேரம் ஆகலாம். அதனால் கீறலுக்கு முந்தைய 120 நிமிடத்துக்குள் தொடங்கலாம் என்று அனுமதி உண்டு. வார்டிலேயே ட்ரிப்பைத் தொடங்கி அனுப்பச் சொல்லுங்கள்.

5. அப்புறம்? முதல் செஃபசோலின் டோஸிலிருந்து 4 மணி நேரம் தாண்டினாலோ, 1,500 மில்லிக்கு மேல் ரத்தம் போனாலோ மறுபடி ஒரு டோஸ். முதல் டோஸின் நேரத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி பலகையில் எழுதி வையுங்கள்.

தையல் முடிந்ததும் பொதுவாக மருந்தையும் நிறுத்திவிடலாம். ட்ரெயின் குழாய் இருக்கிறதே என்று நாள்கணக்கில் நீட்டிக்க வேண்டாம்.